கேப்டன் அக்காவின் தாடி

கேப்டனுக்குத் தாடி முளைத்திருப்பதை முதலில் பார்த்தவர் என் மாமியார்தான்.

நான் பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கே வரவேற்பு மேஜையில் எனக்கு வேலை. கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் "கொஞ்சம் உட்காருங்க, டாக்டர் இப்ப கூப்பிடுவார்" என்று நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு சொல்லிச் சொல்லி, வீடு திரும்பும்போது என் தாடைதான் வலிக்கும். அத்தை சாப்பாட்டு மேஜை விளக்கைப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு பெரிய தாளை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. இது யாருன்னு சொல்லு."

"எது அத்தை?"

"இந்த ஆளுதான். எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கு. எங்கப்பா சவரம் பண்ணச் சோம்பல்பட்டா இப்படித்தான் இருப்பார்."

பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தேன். எங்கள் புத்தகத்தின் புரூஃப். கப்பல் எங்கள் கப்பல். பாய்மரமும் எங்களுடையது. நடுவில் இடுப்பில் கைவைத்து நின்ற கேப்டனுக்குக் காதுவரை கரிய தாடி.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது சின்னப் பிள்ளைகளுக்கான படப் பாட்டுப் புத்தகம். ஒரு கப்பலில் ஏழு கடற்கொள்ளைக்காரிகள். படம் போடுகிறவர் என் வீட்டுக்காரர், பாட்டு எழுதுகிறவள் நான். இவருக்குப் பிழைப்பு, பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் படம் போடுவது. பூவின் பாகங்கள், தவளையின் வயிறு, எரிமலையின் குறுக்குவெட்டு. நான் அதுவரை எழுதிய பாட்டுகளெல்லாம் பத்திரிகைகளின் ஓரத்தில், பெயர் இல்லாமல், பாயசத்தில் முந்திரிபோல எங்காவது கிடக்கும். இரண்டு பேர் பெயரும் அட்டையில் வரப்போகும் முதல் புத்தகம் இதுதான்.

நாங்கள் வேலை செய்யும் முறை கொஞ்சம் விசித்திரமானது. முதலில் படம், பிறகுதான் பாட்டு. இவர் தவளை வயிற்றையெல்லாம் முடித்துவிட்டு ஒரு பக்கத்தை வரைந்து, கப்பலின் பாயை மட்டும் வெள்ளையாக விட்டு, மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். நான் காலையில் எழுந்து, பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைப் பார்ப்பேன். அந்த வெள்ளைப் பாய்க்குள் பென்சிலால் நான்கு வரி எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போவேன். என்ன வரையப் போகிறேன் என்று இவர் சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். என்ன எழுதினேன் என்று நான் சொல்லமாட்டேன், இவரும் கேட்கமாட்டார். கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்த வழக்கம் இது. ஒரு நாள் காலை, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பீரங்கி மேல் சாய்ந்திருந்த ஒரு குண்டுப் பெண் மேஜையில் காத்திருந்தாள். நான் எழுதினேன்:

பீரங்கிக் காரியின் காதினில் பஞ்சு,
பேச்சே அவளுக்குக் கேட்காது;
சுடச்சொன் னாலும் விடச்சொன் னாலும்
சும்மா அவள்கை இருக்காது!

அன்று சாயங்காலம் நான் கதவைத் திறக்கும்போதே இவர் உள்ளேயிருந்து "டமார்!" என்று கத்தினார். அதுதான் எங்களுக்குள் பாராட்டு.

கேப்டன் வந்தது அதற்கு அடுத்த பக்கத்தில். அகலத் தோள், தூக்கிக் கட்டிய கொண்டை, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது அசல் என் மாமியார். தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை மெஷின் சத்தத்துக்கும் மேலே, மூலையில் உட்கார்ந்திருப்பவளின் காதில் விழும்படி கூப்பிடப் பழகிய குரல். கேப்டன் தான்தான் என்று தெரிந்ததும் அத்தை இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவரை நிறுத்திவைத்து, "என் மகன் என்னைக் கொள்ளைக்காரியா வரைஞ்சிருக்கான், பாருங்க" என்று காட்டினார். அதற்குள் அந்தப் பாய்க்குள் நான் எழுதியிருந்தேன்:

மீசை முறுக்கும் சீமான் ஒருவன்
மிளகுக் கப்பலில் வந்தான்;
ஆசையாய் எங்கள் அக்கா கேட்டாள்,
அத்தனை மூட்டையும் தந்தான்!

இப்போது புரூஃபில் அதே பாய்க்குள், என் வரிகள் இருந்த இடத்தில் இப்படி இருந்தது: 'ஆசையாய் எங்கள் அண்ணா கேட்டார்.'

பையைத் தரையில் போட்டேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் தாடி. எல்லாப் பக்கத்திலும் அண்ணா. சந்தம் துளி கெடவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். அக்கா இருந்த இடத்தில் அண்ணா அலுங்காமல் உட்கார்ந்துவிட்டார், பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் உட்காருகிற ஆளைப்போல.

"அண்ணா கேட்டா அது மிரட்டல்" என்றேன், யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல். "அக்கா ஆசையா கேட்டாத்தான் அது சிரிப்பு. இதுகூடப் புரியாம..."

அத்தை கண்ணாடியை இறக்கி மறுபடி பார்த்தார். புருவத் தழும்பின் மேல் விரலை வைத்தார். பிறகு தன் புருவத்தைத் தடவினார்.

"அட பாவி" என்றார் மெதுவாக.

சரியாக அந்த நேரத்தில் இவர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். பால் பாக்கெட்டைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"புரூஃப் வந்துடுச்சா? நானே காட்டலாம்னு இருந்தேன்."

"எப்ப காட்டறதா இருந்தீங்க? புக் வெளியாகி ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகா?"

நாங்கள் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. வெளி ஆள் முன்னால்தான் 'இவர்', 'அவர்' எல்லாம். வீட்டுக்குள் 'நீ'தான். கோபம் வந்தால் மட்டும் எனக்கு மரியாதை வந்துவிடும். 'நீங்க' காதில் விழுந்ததும் இவர் முகம் வெளுத்தது.

"மேடம் கேட்டாங்க" என்றார். மேடம் என்றால் பதிப்பாளர். "கேப்டன் மட்டும் ஆம்பளையா இருந்தா நல்லதுன்னாங்க. பொம்பளை கேப்டன்னா பையன்களுக்கு வாங்கித் தரமாட்டாங்களாம். மத்த ஆறு பேரும் பொண்ணுங்கதானே, ஒருத்தர்தானேன்னு..."

"ஒருத்தர்தானேவா? கப்பல்ல கேப்டன் எத்தனை பேர் இருப்பாங்க?"

"நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"சொல்லாததுதானே பிரச்சனை! என் பாட்டுல கைவெச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

இவர் பால் பாக்கெட்டை மேஜையில் வைத்தார். பிறகு, கடவுளே, இதைச் சொன்னார்: "நம்ம வழக்கம்தானே. நான் என்ன வரையறேன்னு உன்கிட்ட முன்னாடியே சொல்றதில்லையே."

எங்கள் வீட்டில் நகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்த ஒரே நகை அந்த வழக்கம்தான். அதை எடுத்து இவர் கரித்துணியாக்கித் தன் தப்பைத் துடைத்துக்கொண்டார்.

"வெக்கமா இல்ல?" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அத்தைக்கு வந்தது. "ஏன்டா, பெத்தவளுக்கே தாடி வெச்சுட்டியாடா?"

"அம்மா, அது நீ இல்லம்மா. அது கேப்டன்."

"போன மாசம் வரைக்கும் நான்தான்னு சொன்னே! குழாய்க்காரர்கிட்டகூடச் சொல்லிட்டேனே!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் இங்க வாங்க" என்று இவர் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்தார். திரையில் கேப்டன் வந்தாள், தாடியோடு. இவர் ஓரத்தில் எதையோ ஒரு தட்டு தட்டினார். தாடி மறைந்தது. மறுபடி தட்டினார், வந்தது. "பாரு. ஒண்ணும் கெடல. தாடி தனி லேயர். அடியில முகம் அப்படியே இருக்கு. கறுப்புல மட்டும்தான் போட்டிருக்கேன். எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம்."

நான் சமாதானமாவேன் என்று நினைத்தார்போலிருக்கிறது. முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கைகூடத் தெரிந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"என்ன?"

"இது தப்புன்னு. சரின்னு நினைச்சிருந்தா முகத்து மேலயே வரைஞ்சிருப்பீங்க. பிடிபட்டா கழட்டிக்கலாம்னு தனியா ஒட்டிவெச்சிருக்கீங்க. தெரியாம செஞ்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்."

இவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். தாடி திரையிலேயே இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எத்தனை வருஷமா தவளை வயித்தையே வரைஞ்சுட்டிருக்கேன். அதுவும் மேடம் கொடுக்கற வேலைதான். மாட்டேன்னு சொன்னா அதுவும் போயிடும், இந்த புக்கும் வராது. உன் பேர் அட்டையில வராமலே போயிடுமோன்னு பயந்துட்டேன்."

"பயந்தா என்கிட்ட வந்து பயந்திருக்கணும். நான் எதுக்கு இருக்கேன்?"

மிச்சத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். வண்ணப் புத்தகம் நான்கு தடவை அச்சாகும். மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியாகக் கறுப்பு. கோடுகளும் எழுத்தும் கறுப்பில்தான் வரும். தாடியும் அண்ணாவும் கறுப்போடு போகிற விஷயம் என்பதால், மேடம் காத்திருக்காமல் மற்ற மூன்றையும் ஓட்டச் சொல்லிவிட்டார். எல்லாத் தாளும் ஓடி முடிந்துவிட்டது. கறுப்புக்கான கடைசி ஃபைல் இவரிடம்தான் இருக்கிறது. நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"நீ எதுக்கு? லீவு போடணுமே."

"அது என் பாட்டு."

"என் மூஞ்சி" என்றார் அத்தை, எழுந்து பாலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபடி. "நானும்தான் வர்றேன்."

அன்று நான் அத்தை அறையில் படுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் முடிவு செய்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. நாளை இவர் அந்த ஃபைலைக் கொடுத்துவிட்டால், இனி இவர் விடும் எந்த வெள்ளையிலும் நான் ஒரு எழுத்து எழுதப்போவதில்லை. ஒரே வீட்டில் இருப்போம். சாப்பிடுவோம், கரண்ட் பில் கட்டுவோம். ஆனால் அது முடிந்தது.

பதிப்பகம் கடைத்தெருவின் பின்பக்கம். முன்னால் ஆபீஸ், பின்னால் அச்சகம். வாசலில் மேடத்தின் அப்பா பெயர், அதன் பக்கத்தில் 'அன் சன்ஸ்' என்று பெரிய போர்டு. உள்ளே நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. மெஷின்காரர் கழுத்தில் துணியோடு மெஷினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தார்.

சுவரோரம் எங்கள் தாள்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. கிட்டப் போய்ப் பார்த்தேன். கறுப்பு இன்னும் விழவில்லை. கடலுக்கு அலைக்கோடு இல்லை, நீலம் மட்டும். பீரங்கிக்காரி ஒரு பெரிய மஞ்சள் மூட்டைபோலச் சாய்ந்திருந்தாள். யாருக்கும் கண் இல்லை. பாய்கள் எல்லாம் வெறுமையாக விரிந்திருந்தன. நடுவில் கேப்டன், கொண்டையும் அகலத் தோளும் சிவந்த கன்னமுமாக. தாடி இல்லை. இந்தத் தாளில் அவள் இன்னும் அத்தைதான்.

அத்தையும் பார்த்தார். "கண்ணு இல்லாட்டியும் நான்னு தெரியுது" என்றார், கொஞ்சம் பெருமையோடு.

"வாங்க கவிஞரே! குடும்பத்தோட வந்திருக்கீங்க!" மேடம் வந்தார். கொண்டையில் பேனா செருகியிருந்தது. மோசமான மனுஷி என்று சொல்லமாட்டேன். என் பாட்டுகளைப் படித்துவிட்டு முதலில் போன் செய்து சிரித்தவர் அவர்தான். அதனாலேயே எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காக இருந்தது.

"மேடம், தாடி வேண்டாம்" என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர் பேப்பர் அடுக்கைப் பார்த்தார்.

"உட்காரும்மா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம். தாடியும் வேண்டாம், டீயும் வேண்டாம்."

"பாரும்மா, நானும் பொம்பளைதான். எனக்கு இது புரியாதா? ஆனா கடைக்காரர் அட்டையைப் பார்த்துத்தான் எடுப்பார். பொண்ணுங்க எந்த புக்கைக் கொடுத்தாலும் படிக்கும். பையன் பொம்பளை கேப்டனைப் பார்த்தா கீழ வெச்சுடுவான். ஒரே ஒரு தாடி. உன் பாட்டுல ஒரே ஒரு வார்த்தை. மீதியெல்லாம் அப்படியேதானே இருக்கு?"

"எங்க ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்க வர்ற பிள்ளைங்களுக்கு இந்தப் பாட்டையெல்லாம் சொல்லியிருக்கேன் மேடம். வாயில பஞ்சோட சிரிச்சாங்க. பையன்களும்தான். அக்கா அடுத்து யார்கிட்ட கேட்டாள்னு கேட்டாங்க. ஒருத்தன்கூட, ஏன் அண்ணா இல்லன்னு கேக்கல."

"பல்வலியில சிரிக்கறவங்க புக் வாங்கறவங்க இல்லம்மா. வாங்கறது அப்பா அம்மா."

"பிள்ளைங்க கேக்காததை நீங்களே அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கறீங்க. கேப்டன்னா தாடி இருக்கணும்னு அவங்களுக்கு இப்ப தெரியாது. இந்த புக்கைப் பார்த்துத்தான் கத்துக்குவாங்க. என் பாட்டைப் பாடித்தான் கத்துக்குவாங்க!"

என் குரல் ஏறிவிட்டது. மெஷின்காரர் மெஷினுக்குள்ளிருந்து வெளியே வந்து, உடனே வந்த வழியே உள்ளே போனார்.

"வியாபாரம் வேற, ஆசை வேறம்மா" என்றார் மேடம்.

"வெளியில போர்டுல 'அன் சன்ஸ்'னு போட்டிருக்கே. சன்ஸ் யாரு மேடம்?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "அது எங்கப்பா வெச்ச பேரு."

"அவருக்கு நீங்க ஒரே பொண்ணு."

"போர்டை மாத்தினா கடை கைமாறிடுச்சுன்னு ஏஜென்ட்டுங்க நினைப்பாங்க. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரியுது மேடம். இத்தனை வருஷமா நீங்க ஓட்டற கப்பலுக்கு வெளியில தாடி ஒட்டிவெச்சிருக்கு. உங்களுக்கு அது பழகிப்போச்சு. எங்களுக்குப் பழகவேண்டாம்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் மனம் இளகிவிடும் என்று நினைத்திருந்தால் நான் முட்டாள். கொண்டையிலிருந்த பேனாவை உருவி மேஜையில் வைத்தார்.

"வரம்பு மீறிப் பேசாதே. உன் பாட்டு வேண்டாம்னா எடுத்துட்டுப் போ. பாயெல்லாம் காலியாத்தான் இருக்கு. நாலு வரி எழுத ஆளா இல்ல? எனக்குப் படம் போதும்." இவர் பக்கம் கையை நீட்டினார். "தம்பி, பென்டிரைவைக் கொடுங்க."

இவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் சொல்லி இவர் செய்தால் அதுவும் மேடம் சொல்லிச் செய்ததைப் போலத்தான். இவரே செய்யவேண்டும்.

இவர் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மேடம், இதுல ரெண்டு ஃபைல் இருக்கு. ஒண்ணு தாடியோட. ஒண்ணு தாடி இல்லாம."

"ரெண்டா?" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. "இங்க வந்தும் ரெண்டா?"

"இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்றார் அத்தை மேடத்திடம், புகார் கொடுக்கிற தோரணையில். "எந்தச் செருப்பு வேணும்டான்னு கேட்டா, காலுக்கு ஒண்ணா வேற வேற போட்டுட்டு வாசல்ல நிப்பான்."

மேடம் முதல் தடவையாக அத்தையை நிமிர்ந்து பார்த்தார். தோளைப் பார்த்தார். புருவத்தைப் பார்த்தார். பிறகு சுவரோர அடுக்கைத் திரும்பிப் பார்த்தார்.

இவர் போய் மெஷின்காரரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பென்டிரைவைச் செருகினார். திரையில் இரண்டு ஃபைலும் வரிசையாக நின்றன. தாடி ஃபைலின் மேல் அம்புக்குறி ரொம்ப நேரம் நின்றது. அவ்வளவு நேரமும் எனக்கு இவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இவருடைய பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த ஃபைல் திரையில் இல்லை.

"வீட்டுலயும் அழிச்சுடறேன்" என்றார், எழுந்திருக்காமலே. செருமிக்கொண்டார். "மேடம், தாடியோட வேணும்னா, பாட்டு மாத்தணும்னா, கோடும் வேற யாராவது போடட்டும். என் கோடு வேண்டாம். அவ பாட்டு இல்லாத கப்பலுக்கு என் கோடு கிடையாது."

"கோடு இல்லாம இந்தத் தாளெல்லாம் எதுக்கு ஆகும்?" என்றார் மேடம்.

"பொட்டலம் மடிக்க ஆகும்" என்றார் அத்தை.

மெஷின்காரர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "கறுப்பு வராம மூணு கலரையும் ஓட்டியிருக்கக் கூடாதுங்க. அப்பவே யோசிச்சேன்" என்றார். மேடம் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி மெஷினுக்குள் போனார்.

மேடம் ரொம்ப நேரம் தாள் அடுக்கின் விளிம்பை நகத்தால் வருடிக்கொண்டு நின்றார். பேசியபோது குரலில் வழக்கமான வெல்லம் இல்லை.

"சரி. தாடி வேண்டாம். ஓட்டுங்க. விக்கலைன்னா என் தலையில கட்டாதீங்க. தம்பி, உங்களுக்கு இனிமே இங்க வேலை கிடையாது. பாடப் புத்தகம், வரைபடம் எதுவும் இல்ல. என் மெஷின் முன்னால நின்னு என்னை மிரட்டறவங்களை வெச்சு நான் தொழில் பண்ணமுடியாது."

தவளை வயிறு போயிற்று. "சரிங்க மேடம்" என்றார் இவர்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் 'டமார்' என்று சொல்லுவேன் என்று எதிர்பார்க்கிற பார்வை.

"அந்த ஃபைல்ல பாட்டு பழையபடி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"காட்டுங்க."

இவர் பின்னால் நின்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். அக்கா, அக்கா, அக்கா. ஒரு இடத்தில், கடைசிப் பக்கத்தில், ஒரு அண்ணா தப்பி நின்றுகொண்டிருந்தார். திரையில் விரலை வைத்தேன். இவர் காது சிவக்க அதை மாற்றினார்.

கறுப்புக்கான அச்சுப் பிளேட் போட்டு, மெஷினில் ஏற்றி, மை சரிபார்த்து, முதல் தாள் வெளியே வந்து விழும்வரை காத்திருந்தோம். மேடம் உள்ளே போகவில்லை. தள்ளி ஒரு ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மெஷின்காரர் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அலைகளுக்குக் கோடு வந்திருந்தது. பீரங்கிக்காரிக்குக் காதில் பஞ்சு வந்திருந்தது. பாய்க்குள் என் நான்கு வரி. கேப்டன் இடுப்பில் கைவைத்து, கண்ணைத் திறந்து, நேராக எங்களை முறைத்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெரிசா இருக்கு" என்றார் அத்தை. "இருந்துட்டுப் போகுது."

நாங்கள் கிளம்பும்போது மேடமும் ஒரு தாளை எடுத்தார். பார்க்கவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில். அத்தை முன்னால் போய் நிழலைப் பிடித்துக்கொண்டார். இவர் கையில் சுருட்டிய தாள்களோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோபம் போகலையா?"

"போகல."

"தாடிய எடுத்துட்டேனே. வேலையும் போச்சு."

"வேலை போனதுக்கு நான் அழணும்னா வீட்டுக்குப் போய் அழறேன். இப்ப ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்க. ரெண்டாவது ஃபைலை எதுக்குக் கொண்டாந்தீங்க?"

இவர் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். தெருவைப் பார்த்தார், தாள் சுருளைப் பார்த்தார்.

"நீ வந்திருக்கலைன்னா, தாடியோடவே கொடுத்திருப்பேன்னு நினைக்கறேன்."

அது நிஜம்தான் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. ஆனால் நேற்றிலிருந்து இந்த ஆள் என்னிடம் பேசிய முதல் நிஜம் அதுதான் என்பதால், காதைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை.

"இனிமே என்னைக்காவது பாட்டு எழுதுவியா? என் படத்துக்கு?"

"தெரியல. கேட்டுக்கிட்டே இருங்க."

பஸ் வந்தது. அத்தை கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு ஏறி, மூன்று பேர் உட்காரும் இருக்கையை எங்களுக்காகப் பிடித்தார். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். இவர் மூன்றாவது இடத்தில் உட்காரக் குனிந்தபோது, அத்தை என் மடி வழியாகக் கையை நீட்டித் தன் பையை அங்கே வைத்தார்.

"நில்லுடா" என்றார்.

இவர் நின்றார். கம்பியை ஒரு கையாலும் கேப்டனை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரேக்குக்கும் தள்ளாடியபடி, எங்கள் நிறுத்தம் வரும்வரை நின்றுகொண்டே வந்தார். நான் பையை நகர்த்தவில்லை.